ஐதிகமும் சாட்சியும்

ஹைதராபாத்திலுள்ள பேகம்பேட் என்னும் பகுதி ஓர் அரசகுமாரியின் சீதனத்தால் அப்பெயர் பெற்றது என்பது அந்நகரத்தாரிடையே வழங்கிவரும் செய்தி. நிஜாம் வமிசத்தில் பிறந்த பஷீருந்நிஸா பேகம், பாயிகா பிரபுக்களில் ஒருவருக்கு வாழ்க்கைப்பட்டபோது இந்த நிலம் அவளுக்குச் சீதனமாக வழங்கப்பட்டதாம். அவள் எந்த நிஜாமின் மகள் என்று மேலும் கேட்டால் சொல்வோர் இரு பிரிவாகிறார்கள். 1762 முதல் 1803 வரை ஆண்ட இரண்டாம் நிஜாமாகிய நிஜாம் அலி கானின் மகள் என்பர் ஒரு சாரார். 1869 முதல் 1911 வரை ஆண்ட ஆறாம் நிஜாமாகிய மஹபூப் அலி கானின் மகள் என்பர் மற்றொரு சாரார். இரண்டு ஆட்சிகளுக்கும் நடுவே அறுபத்தாறு ஆண்டுகள் கிடக்கின்றன. ஆயினும் இரு சாராரும் ஒரே நிச்சயத்தோடுதான் பேசுகிறார்கள். இதே பேகம்பேட்டில், 1897-ஆம் ஆண்டு ஆகஸ்டு 20-ஆம் தேதி, சென்னைப் படைப்பிரிவு ஒன்றின் ஆஸ்பத்திரியில் பணியாற்றிய ரொனால்டு ராஸ் என்ற வைத்தியர், நோயாளி ஒருவரின் இரத்தத்தைக் குடித்த கொசுவின் இரைப்பைச் சுவரில் மலேரியாக் கிருமியைக் கண்டு, கண்டதைத் தேதியிட்டுக் குறித்தும் வைத்தார். அதன் பயனாக 1902-இல் நோபல் பரிசு பெற்றார். ஓர் ஊரைப் பற்றிய இவ்விரு செய்திகளில் ஒன்று நாள் பிசகாமல் நிற்க, மற்றொன்று நூற்றாண்டையே நிலைநிறுத்த இயலாமல் அலைகிறது. இரண்டையும் ஒரே தராதரமுள்ள அறிவென்று நாம் ஏற்கலாமா? அரசர்களின் கதையைப் பொதுஜனங்களுக்கு எடுத்துச் சொல்ல முன்வருகிற ஒருவர், முதலில் தமக்குத் தாமே விடை சொல்லிக்கொள்ள வேண்டிய தத்துவப் பிரச்சினை இது.

நம் முன்னோர் இதை வெகுகாலத்திற்கு முன்பே விசாரித்திருக்கிறார்கள். வஞ்சி மாநகரத்தில் மணிமேகலை சமயக்கணக்கர்களை ஒவ்வொருவராக அணுகிக் கேட்கும் காதையில், அளவை வாதி என்பவன் பத்து விதமான பிரமாணங்களை எண்ணிக் காட்டுகிறான். காண்டல், கருதல், உவமம், ஆகமம் முதலியவற்றோடு ஐதிகம் என்பதும் அங்கே ஒரு பிரமாணமாக இடம்பெறுகிறது. அதற்கு அவன் தரும் உதாரணம் எளியது: இந்த மரத்தில் பேய் ஒன்று வசிக்கிறது என்று உலகத்தார் சொல்ல, அதைக் கேட்டவன் அப்படியே தெளிந்துகொள்வது. முதலில் கண்டவர் யார், எப்போது கண்டார் என்று எவரும் அறியார். வாய்க்கு வாய் வந்த பேச்சு ஒன்றே ஆதாரம். கௌதமருடைய நியாய சூத்திரமும் இதே ஐதிகத்தை எடுத்து ஆராய்ந்து, அது தனிப் பிரமாணமன்று, சப்தப் பிரமாணத்துள் அடங்கும் என்று தீர்க்கிறது. சப்தமாவது ஆப்தருடைய வாக்கு. ஆப்தர் யார் என்பதற்கு வாத்ஸ்யாயனர் தம் பாஷ்யத்தில் கூறும் இலக்கணம் பன்முறை எண்ணிப் பார்க்கத் தக்கது: பொருளை நேரே அறிந்தவராகவும், அறிந்தவாறே பிறர்க்கு உரைக்கும் விருப்பமுடையவராகவும் இருப்பவர் ஆப்தர், இவ்விலக்கணம் ரிஷிக்கும் ஆரியருக்கும் மிலேச்சருக்கும் பொதுவானது. சாட்சியின் குலமும் மதமும் சாட்சியத்தின் மதிப்பைக் கூட்டுவதில்லை, குறைப்பதுமில்லை என்று அத்தனை பழங்காலத்திலேயே ஒரு வைதிகச் சிந்தனையாளர் எழுதிவைத்திருக்கிறார் என்பது, தக்காணத்து ஸுல்தான்களின் சரித்திரத்தைப் பேசப் புகும் இடத்தில் எனக்கு மிகுந்த ஆறுதலைத் தருகிறது.

வித்வான்களின் சபையில் இந்த விசாரணை அமைதியாக நடந்துவிடக் கூடும். ஆனால் ஞாயிற்றுக்கிழமைக் காலைகளில் சார்மினாரின் அடியிலும், கோல்கொண்டா மன்னர்களின் கல்லறைத் தோட்டத்திலும், பேகம்பேட்டில் விகார்-உல்-உம்ரா பிரபுவின் பெயரோடு இணைந்த ஸ்பானிய மசூதியின் முன்றிலிலும் கூடி நிற்கிற ஜனங்களுக்குச் சரித்திரம் சொல்பவருடைய நிலைமை வேறு. அவர் முன்னால் நிற்பவர்கள் அந்த அரசர்களை முன்னமேயே நேசிக்கிறவர்கள், அல்லது முன்னமேயே வெறுக்கிறவர்கள். தங்கள் உள்ளத்திலுள்ள சித்திரத்துக்கு ஒரு முத்திரை வேண்டியே பலரும் வருகிறார்கள். அவர்களுடைய சிரத்தையைப் புண்படுத்தாமலும், மறுவார்த்தை பேச இயலாத இறந்தவர்களுக்கு அநீதி செய்யாமலும் பேசுவது எப்படி?

ஹைதராபாத் தோன்றிய கதையையே எடுத்துக்கொள்ளலாம். 1580 முதல் 1612 வரை கோல்கொண்டாவை ஆண்ட முகம்மது குலி குதுப் ஷா, பாகமதி என்ற ஆடல்மகளின்மீது காதல்கொண்டு, 1591-இல் தாம் அமைத்த புதிய நகரத்துக்கு அவள் பெயரால் பாக்யநகரம் என்று பெயரிட்டார் என்றும், பின்னர் அவளுக்கு ஹைதர் மஹால் என்ற பட்டம் தந்து ஹைதராபாத் என்று மாற்றினார் என்றும் கதை வழங்குகிறது. இளவரசராயிருந்த காலத்தில் வெள்ளம் கரைபுரண்ட மூசி நதியில் குதிரையோடு பாய்ந்து அவளைக் காணச் சென்றாராம். அதையறிந்து மனம் பதைத்த தந்தை இப்ராஹீம், மகனுக்காகவே ஆற்றின்மேல் பாலம் கட்டினாராம். உஸ்மானியா சர்வகலாசாலையில் போதித்தவரும், பாமனி வமிசத்தையும் குதுப் ஷாஹி வமிசத்தையும் பற்றிப் பெருநூல்கள் இயற்றியவருமான ஹாரூன் கான் ஷெர்வானி, 1967-இல் வெளியான தம் நூலில் இந்தக் கதையை ஒவ்வொரு முடிச்சாக அவிழ்த்துப் பார்த்தார். புரானா புல் என்று இன்று வழங்கும் அந்தப் பாலம் 1578-இல் கட்டி முடிந்தது. அப்போது இளவரசருக்கு வயது பன்னிரண்டோ பதின்மூன்றோதான். தாராமதி, பிரேமாமதி முதலியோருக்குக்கூடக் கல்லறைகள் இருக்க, நகரத்துக்கே பெயர் தந்தவளாகச் சொல்லப்படும் பாகமதிக்கு ஒரு கல்லறையும் இல்லை. நாணயமும் சாஸனமும் அவள் பெயரைச் சொல்லவில்லை. அந்தப் பழைய பெயர் தோட்டங்களைக் குறித்த ‘பாக்’ என்ற சொல்லிலிருந்தே வந்திருக்கலாம் என்பது ஷெர்வானியின் கருத்து.

இதற்கு எதிர்வாதமும் வலுவில்லாததன்று. அரசாங்க உத்தியோகத்திலிருந்து ஓய்வு பெற்று, நூல்களாலும் பத்திரிகைக் கட்டுரைகளாலும் ஹைதராபாத்தின் கதையைச் சாமானியர் வீட்டு முற்றம் வரை கொண்டுசென்ற நரேந்திர லூதர், பாகமதி மெய்யாக வாழ்ந்தவளே என்று 2021-இல் மறையும் வரை வாதித்துவந்தார். அக்பரின் தூதராகத் தக்காணம் வந்த ஃபைஸியும், பிஜாப்பூரில் இருந்து சரித்திரம் எழுதிய ஃபிரிஷ்தாவும் முகம்மது குலியின் காலத்தவர்களே. அவர்கள் இச்செய்தியைக் குறிப்பிடுகிறார்கள். கோல்கொண்டா அரண்மனையின் சம்பளத்தில் வாழ்ந்த எழுத்தாளர்கள் தங்கள் மன்னருக்கு இழுக்கென்று கருதி மௌனம் சாதித்திருக்கலாம் அன்றோ?

எனக்கு இங்கே ஆப்த லக்ஷணம் துணையாகிறது. ஃபைஸி எழுதியது ஏளனத்தோடு எழுதியது. அயல் அரசனை இழித்துரைப்பதில் மொகலாயத் தூதருக்குப் பிரயோஜனம் இருந்தது. கண்டவாறே சொல்லும் விருப்பம் என்ற நிபந்தனை அங்கே தளர்ந்துபோகிறது. ஆகவே என் மனம் ஷெர்வானியின் பக்கமே சாய்கிறது. ஆனால் அந்தப் பாலத்தின்மேல் நின்று பேசுகிற சரித்திர ஆசிரியர், 1578 என்ற ஆண்டைச் சொல்லிவிட்டுக் கதையை விழுங்கிவிடுவதும், கதையைச் சொல்லிவிட்டு ஆண்டை விழுங்கிவிடுவதும் சமமான குற்றங்கள் என்று கருதுகிறேன். இன்று பாக்யநகரம் என்ற பெயரையே நகரத்துக்கு மீண்டும் இட வேண்டும் என்று கோருவோர் உண்டு. கூடாதென்று கொதிப்போரும் உண்டு. நானூறு ஆண்டுகளுக்கு முந்திய ஒரு பெண்ணின் இருப்பும் இன்மையும் இன்றைய கட்சிகளின் கைக்கருவியாகும்போது, யார் எப்போது எந்த நோக்கத்தோடு சொன்னார் என்பதைப் பொறுமையாக விரித்துரைப்பவர் ஒருவர் அந்நகரத்துக்கு அவசியம் வேண்டும்.

தமிழருக்கு இந்தப் பிரச்சினை இன்னும் நெருக்கமாக வந்து சேருவது பத்ராசல ராமதாஸர் வழியாக. மருதாநல்லூர் ஸத்குரு ஸ்வாமிகள் நெறிப்படுத்திய பஜனை பத்ததியில் அவருடைய கீர்த்தனங்கள் நிலையான இடம் பெற்றவை. தியாகராஜர் தம் பாடலில் அவரை நினைந்து உருகியிருக்கிறார். கோபன்னா என்ற இயற்பெயருடைய ராமதாஸர், அதிகாரியாயிருந்தபோது, அரசாங்கத்துக்குச் சேர வேண்டிய வரிப்பணத்தைக் கொண்டு பத்ராசலத்தில் ராமனுக்குக் கோயில் எழுப்பி நகைகளும் பூட்டினார். அதற்காகக் கோல்கொண்டாக் கோட்டையில் சிறைப்பட்டார். பன்னிரண்டு ஆண்டுகள் கழித்து ராமனும் லக்ஷ்மணனும் இரண்டு சேவகர்களின் உருவில் நள்ளிரவில் ஸுல்தானின் படுக்கையறைக்கு வந்து ஆறு லக்ஷம் நாணயங்களைக் கொட்டிக் கணக்கைத் தீர்த்தார்கள். விழித்தெழுந்த தானிஷா, வந்தவர் யாரென உணர்ந்து, கோபன்னாவிடம் ஓடி மன்னிப்புக் கேட்டார். கும்பகோணத்துப் பஜனை மடத்திலும் மாம்பலத்து ராமநவமிப் பந்தலிலும் பாகவதர்கள் இதைச் சொல்லும்போது, தமக்கு அருளாத தரிசனத்தைத் தம்மைச் சிறையிட்டவனுக்கு அருளினாயே என்று ராமதாஸர் அரற்றும் இடத்தில் சபையின் கண்கள் கலங்குவது வழக்கம்.

சரித்திர ஆசிரியர் இந்தக் கதையை என்ன செய்வது? ராமன் பணம் கட்டினானா என்ற கேள்வி அவருடைய அதிகாரத்துக்கு உட்பட்டதன்று. தரிசனத்துக்குச் சாட்சி தரிசித்தவன் ஒருவனே. அதை நிரூபிக்கவும் மறுக்கவும் ஆவணக் காப்பகத்தில் கருவிகள் இல்லை. பக்தனும் அங்கே ரசீது தேடிப் போகவில்லை. ஆனால் கதையில் தானிஷாவாக வரும் அபுல் ஹஸன் தானா ஷா 1672-இல் பட்டத்துக்கு வந்தார், மாதண்ணா, அக்கண்ணா என்ற பிராமணச் சகோதரர்களிடம் ராஜ்ய பாரத்தை ஒப்படைத்திருந்தார், 1687-இல் எட்டு மாத முற்றுகைக்குப் பின் ஔரங்கஜேபிடம் கோல்கொண்டாவை இழந்தார் என்பனவெல்லாம் அவருடைய எல்லைக்குள் அடங்கும். ஸுல்தானின் முழு ஆட்சிக்காலமே பதினைந்து ஆண்டுகள்தான் என்பதையும், அதற்குள் பன்னிரண்டு ஆண்டுச் சிறைவாசம் எப்படிப் பொருந்தும் என்ற கணக்கையும் அவர் எழுப்பத்தான் வேண்டும். நகை ஒவ்வொன்றுக்கும் ஆன செலவைக் கூறி ராமனிடம் முறையிடும் ராமதாஸரின் கீர்த்தனம், பக்திப் பனுவலாயிருக்கும்போதே ஓர் அதிகாரியின் கணக்கோலையாகவும் இருப்பதை அவர் எடுத்துக்காட்டலாம்.

ஆவணம் ஐதிகத்தைக் குறைக்க மட்டுமே செய்யும் என்று அஞ்சுவோர் காஃபி கானின் சாட்சியத்தைக் கேட்க வேண்டும். மொகலாயர் பக்கத்தில் நின்று சரித்திரம் எழுதியவர் அவர். லஞ்சத்தினால் திறக்கப்பட்ட வாயில் வழியாகப் பகைவர் உட்புகுந்த அந்த விடியற்காலத்தில், அபுல் ஹஸன் அந்தப்புரத்தாரைத் தேற்றிவிட்டு, வந்து ஆசனத்தில் அமர்ந்து, பதற்றமின்றி உணவருந்தினார் என்றும், தம்மைச் சிறைபிடிக்க வந்த தளபதிகளை மரியாதையோடு உபசரித்தார் என்றும் அவர் எழுதுகிறார். தோற்றவனைப் புகழ்வதனால் அந்த எழுத்தாளருக்கு ஒரு லாபமும் இல்லை. ஃபைஸியின் ஏளனத்தை எந்த அளவுகோலால் தள்ளினோமோ, அதே அளவுகோலால் காஃபி கானின் புகழ்ச்சியை ஏற்கிறோம். கதை அந்த ஸுல்தானுக்கு ராம தரிசனத்தை அளித்தது. பகைவனின் ஏடு அவருக்குச் சுகதுக்கங்களில் சமமாக நிற்கும் மனத்தை அளித்திருக்கிறது. தௌலதாபாத் சிறையிலேயே அவர் வாழ்நாள் முடிந்தது என்பதையும் சேர்த்துக் கேட்கும் பஜனை ரசிகர், தாம் முன்பு அறியாத ஒரு மனிதரை அறிகிறார்.

என் தீர்மானம் இதுதான்: ஐதிகம், சொல்லப்பட்ட பொருளுக்குப் பிரமாணமாகாது, சொல்லிவந்த ஜனங்களின் உள்ளத்துக்கு அது முதல்தரமான பிரமாணம். தெலுங்கு நாட்டு உழவரும் காவிரிக்கரைப் பாகவதரும், ஒரு முஸ்லிம் ஸுல்தானைப் பக்தனுக்கு முன்பே ராமனைக் கண்ட பாக்கியசாலியாகத் தலைமுறை தலைமுறையாகக் கொண்டாடினார்கள் என்பது, எந்த வருஷக் கணக்கும் அசைக்க முடியாத சரித்திரச் செய்தி. ராமநவமிதோறும் பத்ராசலத்தில் நடக்கும் சீதா கல்யாணத்துக்குத் தானிஷா முத்துக்கள் அனுப்பினார் என்ற நம்பிக்கையை ஒட்டி, இன்றைய மாநில அரசும் முத்தும் பட்டும் அனுப்பிவருகிறது. ஒரு குடியரசையே கட்டுப்படுத்துகிற வலிமை அந்த நினைவுக்கு இருக்கிறது. இதைப் பொய் என்று சொல்லி ஒதுக்குபவர் சரித்திரத்தில் ஒரு பாதியைக் காணாதவர்.

புகழ்ச்சியில் மிகை நேர்ந்தால் கெடுதி சொற்பம். பழியில் மிகை நேர்ந்தால் அது பெரும் பாவம். இதற்கு நம் நாட்டிலேயே உதாரணம் உண்டு. காட்டுமன்னார்கோயிலை அடுத்த உடையார்குடிக் கல்வெட்டு, ராஜராஜனின் இரண்டாம் ஆட்சியாண்டில், சோழ இளவரசன் ஆதித்த கரிகாலனைக் கொன்ற துரோகிகளின் நிலங்களைப் பற்றிப் பேசுகிறது. அதையும் திருவாலங்காட்டுச் செப்பேட்டையும் இணைத்துப் பார்த்த நீலகண்ட சாஸ்திரியார், அடுத்துப் பட்டமெய்திய உத்தம சோழனுக்கு அக்கொலையில் பங்கிருக்கலாமோ என்று ஐயுற்றார். சதாசிவப் பண்டாரத்தார் தம் ‘பிற்காலச் சோழர் சரித்திர’த்தில் அதை மறுத்தார். உத்தம சோழனின் மகன் ராஜராஜனின் ஆட்சியில் உயர்பதவி வகித்தவன் என்பதை எண்ணும்போது எனக்கும் பண்டாரத்தாரின் கட்சியே நியாயமாகத் தோன்றுகிறது. ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் இறந்த ஒருவர்மேல் கொலைப்பழி சுமத்த, ‘இருக்கலாம்’ என்ற ஒரு சொல் போதுமா? அக்கதையை நாவலாக்கிய கல்கி, கொன்றவர் யாரென அறுதியிடாமல் மர்மமாகவே விட்டுச் சென்றார். அதை நான் அவருடைய தர்மபுத்தி என்றே மதிக்கிறேன்.

அண்மைக் காலத்து அரசர்களைப் பற்றிப் பேசுவது இதைவிடக் கடினம். காயங்கள் இன்னும் ஆறவில்லை. கடைசி நிஜாம் மீர் உஸ்மான் அலி கான் 1965-இல் தேசியப் பாதுகாப்பு நிதிக்கு 5,000 கிலோ தங்கத்தைத் தானமாக ஈந்தார் என்ற கதையை எத்தனையோ மேடைகளில் கேட்கலாம். தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்கீழ்க் கேட்டபோது, அத்தகைய நன்கொடை பற்றிய தகவல் அந்த நிதியின் வசம் இல்லை என்றே பதில் வந்தது. அவர் செய்தது, 425 கிலோ தங்கத்தை 6.5 சதவீத வட்டிக்குத் தங்கப் பத்திரங்களில் முதலீடு செய்தது. தேசத்துக்கு அப்போது அதுவும் உதவியே, ஆனால் தானமன்று. புனே பண்டார்கர் ஆராய்ச்சி நிலையம் மகாபாரதத்தைப் பரிசோதித்துப் பதிப்பித்தபோது அவர் பொருளுதவி செய்ததும், அங்கே அவர் பெயரால் ஒரு விருந்தினர் விடுதி நிற்பதும் உறுதியான செய்திகள். அவை இருக்க, இல்லாத தங்கத்தை அவருக்கு ஏற்றிச் சொல்வானேன்? துவேஷத்துக்கும் ஐதிகம் உண்டு. நிஜாமின் ஆட்சிக்காக ஆயுதமேந்திய ரஜாக்கர்களின் கொடுமைகளை மட்டும் சொல்லி, 1948 செப்டம்பரில் இந்திய ராணுவம் ஹைதராபாத்தில் நுழைந்த பிறகு நடந்த கொலைகளை மறைப்பதும், பின்னதை மட்டும் சொல்லி முன்னதை மறைப்பதும் இன்றும் நடக்கின்றன. அந்தக் கொலைகளை விசாரித்த சுந்தர்லால் குழுவின் அறிக்கையை அரசாங்கம் பல பத்தாண்டுகள் வெளியிடாமல் வைத்திருந்ததால் விளைந்ததென்ன? வதந்திக்கு வாழ்வு கிடைத்தது; இறந்தவர்களுக்கு நீதி கிடைக்கவில்லை.

பேகம்பேட்டில் 1923-இல் ஜாகிர்தார்களின் பிள்ளைகளுக்கென்று ஒரு கல்லூரி தொடங்கினார்கள். ஜாகிர் முறை ஒழிந்தபின் அது ஹைதராபாத் பப்ளிக் ஸ்கூல் ஆகி, எல்லோர் வீட்டுப் பிள்ளைகளுக்கும் கதவைத் திறந்தது. அரசர்களின் சரித்திரமும் அவ்விதமே கைமாறியிருக்கிறது. வமிசத்தார் தம் பெருமைக்காகக் காத்த ஏடுகளுக்கு இன்று பிரஜைகளே வாரிசு. ஆனால் தார்நாகாவிலுள்ள மாநில ஆவணக் காப்பகத்தில் மொகலாயர் காலத்திலிருந்து குவிந்து கிடக்கும் பாரசீக ஏடுகளைப் படிக்க வல்லார் மிகச் சிலர். தமிழ்நாட்டுச் சாஸனங்கள் 1890 முதல் ஹுல்ட்ஷ் முதலானோரால் படியெடுத்து அச்சிடப்பட்டு வந்ததால்தான், உத்தம சோழனின் குற்றம் பற்றிச் சாஸ்திரியாரும் பண்டாரத்தாரும் வாதிட்டதை, ஒரு கிராமத்துத் தமிழாசிரியரும் மூலத்தை எடுத்துவைத்துக்கொண்டு தாமே சீர்தூக்க முடிகிறது. கோல்கொண்டாவின் ஏடுகளும் நிஜாமின் தஸ்தாவேஜுகளும் அவ்வாறே தெலுங்கிலும் உருதுவிலும் பெயர்க்கப்பட்டு, மலிவான பதிப்புகளாக ஜனங்களின் கைக்கு வர வேண்டும். பாரசீகம் கற்கும் இளைஞர்களுக்கு அரசாங்கமும் சர்வகலாசாலைகளும் ஜீவனோபாயம் அமைத்துக் கொடுக்க வேண்டும். கல்லறைத் தோட்டத்தில் கூடுகிறவர்கள், பேசுகிறவரின் சொல்லை மட்டும் நம்பிக்கொண்டிராமல், அவர் காட்டும் ஏட்டைத் தாமும் புரட்டிப் பார்த்துக் கேள்வி கேட்க அப்போதுதான் இயலும்.